சீராகத் துடித்த இதயம்

பேதி மருந்தின் இரண்டாம் குவளையை மூக்கருகே கொண்டுபோன பாசித், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தான். உப்பும் இனிப்பும் எலுமிச்சை வாசனையும் கலந்த அந்தக் கரைசல், வெயிலில் மறந்துவைத்த பாயசத்தைப்போல் குவளையின் விளிம்பில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“துப்பறியறதுன்னா எவன் பின்னாடியாவது நாம போறதுன்னு நெனச்சுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்க்கா. இங்க என் பின்னாடி கேமராவ அனுப்புறீங்க.”

“குடி,” என்றாள் சுடர்விழி.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் புலனாய்வு செய்தவள் அவள். பிறகு தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பாசித் அவளுடைய ஒரே உதவியாளன். கையைவிட வாய் அதிகம் உழைக்கும் இளைஞன். ஆனால் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டதில்லை.

அவன் குடித்து முடித்ததும் அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்தாள். அரைத்த மருதாணி. விரல் நுனிகள் பத்துக்கும் தொப்பி வைத்ததுபோல் அதை அப்பத் தொடங்கினாள். பாசித் மருதாணியைப் பார்த்தான். கழிவறைக் கதவைப் பார்த்தான். தன் கால்சட்டையின் நாடாவைப் பார்த்தான். வயிறு அழைக்கும்போது இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டான். லுங்கிக்கு மாறிவிடு என்பது அவளுடைய பதில். மைத்துனனின் திருமணத்துக்கு வைத்துக்கொண்டது என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இவ்வளவு கூத்துக்கும் காரணம், திருக்காட்டுப்பள்ளியை அடுத்த ஒரு சிற்றூரில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்.

அவர் பெயர் வீரையன். அவருடைய மனைவி ராசம்மாள், மலத்தில் இரத்தம் போகிறது என்று தஞ்சாவூரில் உள்ள நலம்தரு குடல்நோய் மையத்துக்குப் பெருங்குடல் பரிசோதனைக்காகச் சென்றாள். பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் அது. தானே நடந்து உள்ளே போனவளைத் துணி மூடித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மையத்தின் தலைவர் டாக்டர் ராஜராஜன், வீரையனைத் தனியே அழைத்து இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று, பரிசோதனை நேரத்தில் ராசம்மாளின் விரலில் மாட்டிய கருவி மூச்சையும் துடிப்பையும் பதிவுசெய்த வரைபடம்: மூச்சுக்காற்றில் குறையே இல்லை. மற்றொன்று, ராசம்மாளுக்கு முன்பு வேறொரு மருத்துவமனையில் எடுத்த இதயப் படம். அதை டாக்டர் எப்படியோ தேடிப்பிடித்து வரவழைத்திருந்தார். அவளுக்கு நெடுநாளாக, ஒரு நிமிடம்கூட இதயம் ஒழுங்காகத் துடிக்காத கோளாறு இருந்ததாம். மயக்க மருந்தில் தவறில்லை. நோயை மறைத்த குடும்பத்தார் மேல்தான் தவறு என்று கூறிவிட்டார்.

ராசம்மாளுக்குப் படபடப்பு இருந்தது உண்மை. அதற்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவரும் வீரையன்தான். குடலைப் பார்க்கப் போகிற இடத்தில் நெஞ்சைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணி அவர் அதைச் சொல்லாமல் விட்டார். அங்கும் எவரும் கேட்கவில்லை. அன்று முதல் அவர் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. கொன்றவனுக்குச் சோறு எதற்கு என்று ஒருமுறை சொன்னார்; அதன்பின் அதையும் சொல்லவில்லை. அவருடைய மகள் கயல்விழி, பேராவூரணியில் பள்ளி ஆசிரியை. அந்த இரண்டு தாள்களின் நகலோடு சுடர்விழியிடம் வந்தவள், அம்மாவுக்கு நியாயம் கேட்கவில்லை. அப்பா ஒரு வாய் சாப்பிட வேண்டும், அதற்கு உண்மை எதுவாக இருந்தாலும் தெரிந்தாக வேண்டும் என்றாள்.

சுடர்விழி அந்தத் தாள்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்ட ஒரே கேள்வி, அம்மா பெருக்குக்கு மருதாணி வைத்திருந்தாரா என்பது. கயல்விழி வியப்புடன் தலையசைத்தாள். இலையை அரைத்ததே அவள்தான். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும்படி சிவந்திருந்தது என்று பெருமையுடன் சொல்லத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள்.

தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் சுடர்விழி விளக்கம் கேட்டாள். மக்கள் கூச்சப்படுகிற இடத்தில் இந்தப் பரிசோதனையின் பேராபத்து இல்லை. அது நெஞ்சில் இருக்கிறது என்றார் அவர். பேதி மருந்து உடம்பின் நீரையும் உப்பையும் வெளியேற்றுவதால், ஏற்கெனவே தளர்ந்த இதயம் தடுமாறலாம். வலி தெரியாமல் தூங்கவைக்கும் மருந்து சற்று மிஞ்சினாலும், மூச்சு விடுவதையே உடம்பு மறந்துபோகலாம். அதனால்தான் விரலில் ஒரு கவ்வியை மாட்டிவைக்கிறார்கள். இரத்தத்தில் காற்றுக் குறைந்தால் கருவி கத்தும். கத்தியவுடன் கவனித்தால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். பழைய கருவிகளுக்கு ஒரு குறை உண்டு. நகப்பூச்சையும் கருத்த மருதாணியையும் தாண்டி அவற்றுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியாது, அப்போதும் கத்தும்.

“அதனால, நாளைக்கு உனக்கு அங்க ஒரே வேலைதான்,” என்றாள் சுடர்விழி. “மெஷின் கத்தும். கத்தல் நிக்கும். எப்படி நிக்குதுன்னு பாரு. பாத்ததும் பசிக்குதுன்னு சத்தமாச் சொல்லு. நான் உள்ள வந்துடுவேன்.”

“அதுக்கு நடிக்கவே வேணாம்க்கா,” என்று கழிவறைக்குள் இருந்து பதில் வந்தது.

மறுநாள் காலையில் நலம்தரு மையத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும், மல்லிகை மணம் ஒன்று முகத்தில் அறைந்தது. குப்பியிலிருந்து தெளித்த மல்லிகை. அதன் கீழே, மல்லிகையால் மறைக்க முடியாத வேறொரு வாடை. பேதி மருந்து குடித்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கழிவறை. அதற்குத் தாழ்ப்பாளும் இல்லை. உள்ளே இருப்பவரின் உறவினர் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையைத் துடைத்த துணி, துடைக்காமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணவைத்தது. இத்தனைக்கும் நடுவில், வரவேற்பு மேசைக்குப் பின்னால், டாக்டர் ராஜராஜன் விருது வாங்கும் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது.

பாசித்தின் அக்கா என்று சொல்லிக்கொண்டு சுடர்விழி அருகில் அமர்ந்தாள். எதிர் வரிசையில், முந்தானையால் தலையை மூடியபடி ஓர் அம்மாள், யாருக்கோ துணைக்கு வந்தவளைப்போல் இருந்தாள். அவள் சுகாதாரத் துறை அதிகாரி வித்யாலக்ஷ்மி என்பது, அவளை வரவழைத்த சுடர்விழிக்கு மட்டுமே தெரியும்.

பாசித்தை ஒரு செவிலி விசாரித்தாள். வயிறு சுத்தமாகிவிட்டதா என்று கேட்டாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். ஆஸ்துமா உண்டா, நெஞ்சுவலி உண்டா, தினமும் விழுங்கும் மாத்திரை எதுவும் உண்டா என்று அவள் கேட்பாள் எனச் சுடர்விழி காத்திருந்தாள். கேட்கவில்லை.

அப்போது நீல உடை அணிந்த ஒருவன் உள்ளறையிலிருந்து வந்தான். கருவிகளைக் கவனிக்கும் டெக்னீஷியன் அறிவுச்செல்வன். பாசித்தின் ஆள்காட்டி விரலில் கவ்வியை மாட்டினான். கருவி ஓர் எண்ணைக் காட்ட முயன்று, முடியாமல், கீச்சிட்டது. அடுத்த விரலுக்கு மாற்றினான், மீண்டும் கீச்சிட்டது. மருதாணியைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்று கவ்வியைச் சுருட்டிக்கொண்டு போனான்.

பாசித் தன் விரலை மூக்கருகே கொண்டுபோனான். மருதாணி மணக்க வேண்டிய விரல் அது.

“அக்கா, இத மோந்து பாருங்க.”

“வேணாம். சொல்லு.”

“மழையில நனைஞ்ச ஷூவக் கழட்டாம மூணு நாள் போட்டிருந்தா வருமே, அந்த வாசம். இது விரல்ல மாட்டுறதுதானா?”

சுடர்விழியின் கண்கள் அறிவுச்செல்வனின் முதுகைத் தொடர்ந்து கீழே இறங்கின. அவனுடைய வலது காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். செருப்பு அறுந்தவனாக இருந்தால் நொண்டிக்கொண்டு போவான். இவன் பழகிய நடை நடந்தான். அவள் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது முடிவதற்குள்ளேயே அருவருப்பாக மாறிப்போனது.

சற்று நேரத்தில் பாசித்தை உள்ளே அழைத்துப்போனார்கள்.

பின்புறம் திறந்த பச்சை அங்கியை மாட்டிவிட்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். புறங்கையில் ஊசிக்குழாய் ஏற்றினார்கள். டாக்டர் ராஜராஜன் கையுறை அணிந்தபடி, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு யாரிடமோ மனை விலை பேசிக்கொண்டிருந்தார். நோயாளியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டிய பக்கம் அது அல்ல என்று பாசித் எண்ணிக்கொண்டான்.

அறிவுச்செல்வன் மறுபடியும் அவன் விரலில் கவ்வியை மாட்டினான். கருவி கத்தியது. விட்டுவிட்டு, விடாமல், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப்போல் கத்தியது.

டாக்டர் திரும்பாமலே சொன்னார். “அந்தச் சனியன நிறுத்துய்யா. பேசவே முடியல.”

பாசித்தின் விரலிலிருந்து கவ்வி கழன்றது. அறிவுச்செல்வன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒருமுறை குனிந்து நிமிர்ந்தான். கத்தல் நின்றது. திரையில் பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கியது. தொண்ணூற்றொன்பது என்றது கருவி. கேமராக் குழாய் குடலில் வளைந்து போக உதவியாக, அறிவுச்செல்வனின் கைகள் இரண்டும் பாசித்தின் வயிற்றை அமுக்கத் தயாராக இருந்தன. அவற்றில் எதிலும் கவ்வி இல்லை. செவிலி தூக்க மருந்து நிரம்பிய ஊசியைக் குழாயில் பொருத்தினாள்.

பாசித்துக்குச் சொல்ல வேண்டிய சொல் மறந்துபோனது. யாருடைய மூச்சோ திரையில் சீராக ஓடிக்கொண்டிருக்க, தன் மூச்சு மட்டும் கேட்பாரற்று நின்றுபோகும் என்ற எண்ணம்தான் எஞ்சியது. ராசம்மாள் படுத்திருந்த கட்டில் இதுதானே என்று தோன்றியதும் சொல் நினைவுக்கு வந்தது.

“பசிக்குது,” என்றான். குரல் எழவில்லை. ஊசியின் தண்டில் செவிலியின் கட்டைவிரல் அமர்ந்தது. “பசிக்குதுக்கா,” என்று வீடு இடிந்துவிழும்போது கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான்.

கதவு திறந்தது. சுடர்விழி முதலில் செவிலியின் கையைப் பிடித்து ஊசியை அகற்றினாள். அவள் பின்னால் வந்த வித்யாலக்ஷ்மி தன் அடையாள அட்டையை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சுடர்விழி எவரிடமும் எதுவும் கேட்காமல் குனிந்து, கட்டிலிலிருந்து தொங்கிய பச்சைத் துணியை விலக்கினாள்.

அறிவுச்செல்வனின் வெறும் இடது காலின் பெருவிரலில், அந்தக் கவ்வி மாட்டியிருந்தது.

விரலை முகர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்து பாசித் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜராஜன் விரைவாகத் தேறிக்கொண்டார். கருவி இன்றுதான் பழுதானது, பையன் ஏதோ விளையாட்டுத்தனம் செய்துவிட்டான், இப்போதே வேலையை விட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். ராசம்மாள் விஷயத்தில் கவ்வி அவள் விரலில்தான் இருந்தது, அதற்கு வரைபடம் சாட்சி என்றார்.

அந்த வரைபடத்துக்காகத்தான் சுடர்விழி காத்திருந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு நகல்களையும் எடுத்து, கருவித் தட்டின் மேல் பக்கம் பக்கமாக விரித்தாள்.

“இது அந்தம்மாவோட பழைய இதயப் படம், நீங்களே வாங்குனது. இதயம் நிரந்தரமாத் தடுமாறும், ஒரு நிமிஷம்கூட ஒழுங்காத் துடிக்காதுன்னு நீங்கதான் வீரையன்கிட்ட சொன்னீங்க. கோடும் அப்படித்தான் இருக்கு, ஒண்ணு கிட்ட, ஒண்ணு எட்ட. இன்னொண்ணு அன்னைக்கு உங்க மெஷின் போட்டது. இதுல ஒவ்வொரு துடிப்பும் நட்ட நாத்து வரிசையாட்டம் ஒரே இடைவெளியில இருக்கு. இந்த ரெண்டு இதயமும் ஒரு மனுஷிக்கு இருக்க முடியாதுங்க டாக்டர். நோய் இருந்துச்சுன்னா இந்தத் துடிப்பு அவங்களோடது இல்ல. துடிப்பு அவங்களோடதுன்னா அவங்களுக்கு நோயே இல்ல. எது வேணும், எடுத்துக்குங்க.”

குடும்பத்தின் மேல் பழிபோட டாக்டர் ஒரு தாளைத் தேடினார். தன்னைக் காத்துக்கொள்ள மற்றொரு தாளைக் காட்டினார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ராஜராஜன் எந்தத் தாளையும் எடுக்கவில்லை. பேசியவன் அறிவுச்செல்வன். அவன் அழவில்லை, அலுத்துப்போன குரலில் சொன்னான். ஆடி பிறந்தால் வருகிற பெண்கள் எல்லோரும் மருதாணியோடுதான் வருவார்களாம். மாதம் முழுக்கக் கருவி கத்திக்கொண்டே இருக்குமாம். புதிய கருவி கேட்டதற்கு டாக்டர் சிரித்தாராம். காது மடலில் மாட்டும் கவ்வி அலமாரியில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து மாட்டும்வரை டாக்டருக்குப் பொறுமை கிடையாது. வயிற்றை அமுக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் அவன் கண்டுபிடித்த வழி, கால். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, புத்திசாலி என்று தோளில் தட்டினாராம்.

“அந்தம்மா ஒதடு நீலமாயிருச்சு சார்னு நாந்தான் மொதல்ல சொன்னேன்,” என்றான். “மெஷின் நல்லாத்தானேய்யா காட்டுது, சும்மா இருன்னாரு. என் கால் நல்லாருந்துச்சுங்க. அதான் மெஷின் நல்லாக் காட்டுச்சு.”

வித்யாலக்ஷ்மி ஆணையிட, அவன் குனிந்து கவ்வியைக் கழற்றினான். உடனே கருவி பழையபடி கத்தத் தொடங்கியது.

“அதை நிறுத்து,” என்றார் ராஜராஜன், பழக்கத்தில்.

ஒருவரும் நிறுத்தவில்லை. அந்த அறையை முத்திரையிட ஆள் வரும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது.

அன்று பிற்பகல், கயல்விழி முன்னே வழிகாட்ட, சுடர்விழியும் பாசித்தும் வீரையனின் வீட்டுக்குப் போனார்கள். நெடிய மனிதர் அவர். சுவரோரம் மடங்கி உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சுடர்விழி எடுத்துச் சொன்னாள். கவ்வி, கருவி, வரைபடம் என்ற சொற்கள் அவர் காதில் விழுந்தனவே தவிர, உள்ளே போகவில்லை. மிஷின் நல்லாத்தான் காட்டியது என்றார்கள், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று அவர் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார். ஆகவே அவள் வேறு விதமாகச் சொன்னாள்.

ஒருவன் தன் பசுவை மேய்ச்சல்காரனிடம் நம்பி ஒப்படைத்தான். பசுவுக்கு ஒரு கால் சற்று ஊனம். அதன் முதுகில் எப்போதும் ஓர் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கும். பசு சேற்றில் இறங்கினால் கொக்குக் கத்தும். கத்தினால் ஓடிப்போய் மீட்டுவிடலாம். மேய்ச்சல்காரனுக்கோ அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டது. கொக்கைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். அவன் கரையில் உலர்ந்த இடத்தில் அல்லவா இருந்தான்? கொக்கு சும்மா இருந்தது. பசு அமிழ்ந்துபோயிற்று. சாயங்காலம் சொந்தக்காரன் வந்து கேட்டபோது மேய்ச்சல்காரன், கொக்கு கத்தவே இல்லை, உன் பசு நொண்டி என்று நீ ஏன் சொல்லவில்லை என்று அவனையே திட்டி அனுப்பினான்.

வீரையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“நொண்டின்னு சொல்லியிருந்தா?” என்றார்.

“அவங்க கேட்டிருக்கணும்ங்க ஐயா. நீங்களும் சொல்லியிருக்கலாம், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருந்தாலும் கொக்கு அவங்க தோள்லதான் உக்காந்திருக்கும்.”

“அவ விரல்ல இருந்தப்ப அது கத்துச்சாம்மா?”

“கத்துச்சுங்க ஐயா.”

“ஒண்ணாவது அவளுக்காகக் கத்தியிருக்கு,” என்றார் வீரையன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுகிற சத்தத்தை அந்த வீடு அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது என்று கயல்விழி பின்னால் சொன்னாள்.

துண்டை எடுத்தபோது அவர் கண்ணில் பட்டவன் பாசித். கதவு நிலையில் சாய்ந்து, விரல் பத்தும் சிவக்க, முகம் வெளிறி நின்றிருந்தான். முந்தைய நாளிலிருந்து பேதி மருந்தைத் தவிர அவன் வயிற்றில் எதுவும் இல்லை.

“தம்பிக்கு என்ன, நிக்கவே முடியல போலருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. உங்க வீட்டம்மாவுக்காக, மேலேருந்து கீழ வரைக்கும் கழுவி வச்சிருக்கேன். இன்னும் ஒண்ணும் உள்ள போடல.”

வீரையன் அவனுடைய விரல்களைப் பார்த்தார். மருதாணி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“கயலு, தம்பிக்கு எலை போடும்மா,” என்றார். பிறகு கீழே உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டார். “எனக்கும் ஒண்ணு போடு.”